அதிகாரம் 4: அகழாய்வுக்கு உரிமம் கேட்கும் முறை

அகழாய்வு உரிமம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தைப் பலர் கடைசி வேலையாகவே வைத்திருக்கிறார்கள். இடம் பார்த்தாயிற்று, ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், பணத்துக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது, இனி டெல்லிக்கு ஒரு காகிதம் போட வேண்டியதுதான் பாக்கி என்ற எண்ணம். இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வதே இந்த அதிகாரத்தின் வேலை. நல்ல விண்ணப்பம் என்பது பின்னால் வரப்போகும் அகழாய்வு அறிக்கையின் முதல் வரைவு. அறிக்கையில் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறோம் என்று தெரியாதவர் எத்தனை படிவம் நிரப்பினாலும் விண்ணப்பம் நிற்காது. அது தெரிந்தவருக்குப் படிவம் ஒரு சுமையே அல்ல. இதை விளக்கச் செங்கல்பட்டு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள குன்றுகளும் ஏரிகளும், அங்கிருந்து கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை வரையும் தெற்கே பாலாற்று முகத்துவாரம் வரையும் உள்ள நிலமும், பழைய கற்காலம் முதல் பல்லவர் காலம் வரை எல்லாத் தடயங்களையும் தாங்கி நிற்கின்றன. உரிமம் தொடர்பான எல்லாச் சிக்கல்களும் இங்கேயே கிடைக்கும்.

ஏன் அனுமதி கேட்க வேண்டும்

தொல்லியலில் ஓர் இடத்தை ஒருமுறைதான் அகழ முடியும். வெளியே எடுத்த பானை அருங்காட்சியகத்தில் இருக்கும். அது கிடந்த மண்ணடுக்கு திரும்ப வராது. பொருளைவிட அது கிடந்த இடமும் ஆழமுமே அதிகம் பேசும் என்பதற்குக் கீழடி போதுமான சான்று. கி.மு. 580 என்ற காலக்கணிப்பு ஒரு கரித்துண்டிலிருந்து மட்டும் வந்ததல்ல. அந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில், குறிப்பிட்ட அடுக்கில் எடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அதே கரித்துண்டை யாரோ தோண்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் அது வெறும் கரி. ஆதிச்சநல்லூரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரே அதே ஈமக்காட்டில் வேலை செய்தார். செங்கல்பட்டுப் பகுதியில் அச்சரப்பாக்கத்தை அடுத்த பெரும்பேரிலும் அகழ்ந்தார். இரண்டு இடத்துப் பொருள்களையும் சேர்த்து அவர் தயாரித்த பட்டியல் 1915இல் நூலாக வந்தது. இன்றைய அளவுகோலில் அதில் குறைகள் உண்டு. ஆனாலும் நூறாண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். எடுத்ததை எழுதி வைத்தவரின் வேலைதான் அடுத்த தலைமுறைக்குப் பயன்படும். உரிமம் என்ற ஏற்பாட்டின் உட்பொருளும் இதுதான். ஒரு சான்றை அழிக்க அரசு உங்களை அனுமதிக்கிறது; அதற்கு ஈடாக முழுமையான பதிவைத் தருவதாக நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படைச் சட்டம் 1958ஆம் ஆண்டின் தொன்மையான நினைவுச் சின்னங்கள், தொல்லியல் களங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம். அதன் கீழ் 1959இல் விதிகள் வந்தன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமானால் அத்துறையின் அலுவலரோ, தலைமை இயக்குநரிடம் உரிமம் பெற்றவரோ மட்டுமே அகழலாம். நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் அங்கே அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாதுகாக்கப்படாத இடங்களுக்கு 24ஆம் பிரிவு பொருந்தும். மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் எந்த மாநில அரசும் தொல்லியல் நோக்கத்துக்காக அகழவோ, பிறரை அகழ அனுமதிக்கவோ கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 1961இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொல்லியல் துறையும், 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் கையில் இருந்தும், ஒவ்வொரு களத்துக்கும் டெல்லியின் ஒப்புதலைக் கேட்பது இதனால்தான். பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் இதுவே பாதை.

விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது மத்தியத் தொல்லியல் ஆலோசனை வாரியத்தின் நிலைக்குழு. அகழாய்வுப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30இல் முடியும். உரிமமும் பருவத்தை ஒட்டியே கிடைக்கும். இந்தக் கணக்கு வடஇந்திய வானிலைக்குப் பொருந்துகிறது, நமக்கு இடறுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை செங்கல்பட்டில் வடகிழக்குப் பருவமழை. ஏரிக்கரை மேடுகளில் நிலத்தடி நீர் குழிக்குள்ளேயே ஊறும். ஆகவே தை பிறந்த பிறகுதான் மண்வெட்டி இறங்கும் என்று வைத்துக்கொண்டு கால அட்டவணையை எழுதுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை களப்பணி, மீதி மூன்று மாதம் வரைபடம், பானையோட்டு வகைப்பாடு, குழி மூடுதல் என்று பிரித்துக் காட்டினால், இந்த மண்ணைத் தெரிந்தவர் எழுதியது என்பது படிப்பவருக்குப் புரியும். பாதுகாக்கப்பட்ட இடமானால் தொடங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. உரிமம் கிடைத்த பிறகும், தொடங்கும் முன் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நிலத்துக்காரருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதங்களை மறந்துவிட்டுக் களத்தில் இறங்கியவர்களைத்தான் வி.ஏ.ஓ.வும் காவல் நிலையமும் வந்து நிறுத்துகிறார்கள்.

கேள்வியை எழுதுவது

நிலைக்குழு முதலில் தேடுவது நோக்கம் என்ற பத்தியை. "இப்பகுதியின் தொன்மையை வெளிக்கொணர்தல்" என்று ஒரு வரி எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஊருக்கும் பயன்படாது. குழிக்குள் இறங்கி ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை திருவீழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. அந்தக் கோயில் எங்கே என்பதுதான் கேள்வி. அருகிலிருந்த மேட்டை இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. மணலுக்கு அடியில் கோயில் கிடைத்தது. கருங்கல் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானமும் தெரிந்தது. கல்வெட்டு ஒரு கேள்வியைத் தந்தது, மேடு அதற்கான இடத்தைக் காட்டியது, குழி விடை சொன்னது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை உங்கள் விண்ணப்பமும் காட்ட வேண்டும்.

சுனாமி வந்து கேள்வி எழுப்பும் வரை காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டுப் பகுதியின் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சாணூரில் 1950இலும் 1952இலும் அகழாய்வு நடந்தது. அறிக்கை 1959இல் அச்சேறியது. அமிர்தமங்கலம், குன்னத்தூர் ஆகியவற்றில் 1950களில் வேலை நடந்தது. கல்வட்டம், ஈமப்பேழை, கருப்பு-சிவப்பு மட்கலம், இரும்புக் கருவிகள் என்று புதைத்த இடங்களைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு, அந்த மக்கள் வாழ்ந்த இடங்களைப் பற்றித் தெரியாது. தென்னிந்தியத் தொல்லியலில் இது நெடுநாள் இடைவெளி. ஆகவே, "கற்பாங்கான மேட்டில் உள்ள இந்த ஈமக்காட்டுக்குரிய குடியிருப்பு, கீழே ஏரிக்கரையில் கருப்பு-சிவப்பு ஓடுகள் சிதறிக் கிடக்கும் மேட்டில் இருந்ததா? இரண்டின் மட்கலங்களும் குறியீடுகளும் ஒரே காலத்தவையா?" என்று எழுதினால் அது சோதிக்கத்தக்க கேள்வி. விடை இல்லை என்று வந்தாலும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. கடற்கரைப் பக்கம் பாலாற்று முகத்துவாரத்தில் வசவசமுத்திரத்தில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. அந்தத் துறைக்குச் சரக்கு எந்த உள்நாட்டு வழியாக வந்தது என்று கேட்பவருக்கு ஆற்றின் இரு கரையும் ஆய்வுக்களம்.

இத்தகைய கேள்வியை எழுத மேற்பரப்பாய்வு முதலில் நடந்திருக்க வேண்டும். எத்தனை கல்வட்டங்கள், அவற்றின் விட்டம், எவை குலைந்தவை, ஓடுகள் எந்த அளவுக்குப் பரவியுள்ளன என்று அளந்து வரைந்த படம் இல்லாத விண்ணப்பம் பலவீனமானது. முறையான மேற்பரப்பாய்வுக்கும் இதே வழியில் அனுமதி கேட்பதுதான் நடைமுறை. முதல் பருவத்தில் ஆய்வு, இரண்டாம் பருவத்தில் அகழ்வு என்று திட்டமிடுவது நேர விரயம்போலத் தோன்றும். ஆனால் மொத்தக் களத்தில் எங்கே ஐந்துக்கு ஐந்து மீட்டர் குழி போட வேண்டும், எந்தப் பகுதியைத் தொடாமல் எதிர்காலத்துக்கு விட வேண்டும் என்பதை அந்தப் படம்தான் சொல்லும். தொடாமல் விடும் பகுதியையும் விண்ணப்பத்தில் குறியுங்கள். எல்லாவற்றையும் தோண்டிவிடத் துடிப்பவர் என்ற எண்ணம் நிலைக்குழுவுக்கு வரக் கூடாது.

நிலத்தின் காகிதங்கள்

ஆய்வுத் திட்டம் சிறப்பாக இருந்தும் களத்தில் சிக்கித் தவிக்கும் குழுக்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வேண்டும். எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவை வரைபடத்தில் உங்கள் குழிகளின் இடத்தைக் குறித்துவிடுங்கள். சிங்கப்பெருமாள் கோயில் – ஒரகடம் சாலைப் பக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் நிலம் கைமாறிய வேகத்தில், ஒரே கல்வட்டம் இரண்டு உட்பிரிவுகளில் பாதிப் பாதியாகக் கிடப்பதற்கும் இடமுண்டு. பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது, நிலத்தில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அனுபவத்தில் இருப்பவரும் பட்டாதாரரும் வேறாக இருந்தால் இருவரிடமும் எழுத்து மூலச் சம்மதம் வாங்குங்கள். பயிர் இழப்புக்கு என்ன தருவீர்கள், குழியை எப்போது மூடுவீர்கள் என்பதும் அந்தச் சம்மதக் கடிதத்தில் இருக்கட்டும். புறம்போக்கானால் ஏ-பதிவேட்டில் அது மேய்க்காலா, ஏரியா, மயானமா என்று பார்த்து வட்டாட்சியர் வழியாக ஆட்சியரிடம் போக வேண்டும். காப்புக்காடானால் வனத்துறை, கோயில் நிலமானால் அறநிலையத் துறை, கடற்கரையானால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் என்று தனித்தனி வாசல்கள் உண்டு. தொல்லியல் உரிமம் இவற்றில் எதையும் தானாகத் திறக்காது.

ஆள், பணம், அறிக்கை

உரிமம் நிறுவனத்துக்கு என்றாலும் பொறுப்பு இயக்குநராக நியமிக்கப்படும் ஒரு நபருக்கு. களப்பணியின் பெரும்பகுதி நாட்கள் அவர் குழியோரம் இருக்க வேண்டும் என்று விதிகள் எதிர்பார்க்கின்றன. பெயரைக் கொடுத்துவிட்டு மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவர் இயக்குநர் அல்லர். அவருடைய முந்தைய அகழாய்வுகளின் அறிக்கைகள் வெளிவந்தனவா என்பதுதான் நிலைக்குழுவின் பார்வையில் அவருடைய உண்மையான தகுதிச் சான்று. பாக்கி இருந்தால் மறைக்காமல், எந்த மாதத்துக்குள் முடியும் என்று எழுதிவிடுவது நல்லது.

வரவு செலவுத் திட்டத்தில் தோண்டும் கூலிக்குப் பெரும்பகுதியை ஒதுக்கி, மீதத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பொதுவான பிழை. காலக்கணிப்பு, இரும்புப் பொருள்களின் பராமரிப்பு, வரைஞர், புகைப்படம், பொருள்களைப் பாதுகாக்கும் அறை, அச்சுச் செலவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி இனம் வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் அதற்குத் தனி அனுமதி தேவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. தங்கம், நாணயம் போன்றவை கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் நினைவில் கொண்டு ஆட்சியருக்கு உடனே தெரிவியுங்கள். ஊரில் வதந்தி கிளம்பும் முன் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு வலுவானது. மனைப்பிரிவு போடுபவர் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து ஒரே நாளில் ஒரு ஈமக்காட்டைச் சமன் செய்துவிடுகிறார். அவருக்கு இந்த உரிமம் தேவையில்லை. ஆய்வாளர் மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? பாதுகாக்கப்படாத நிலத்தில் சட்டம் கட்டுப்படுத்துவது தொல்லியல் நோக்கத்துடன் செய்யும் அகழ்வை என்பதால் இந்த முரண் உண்மையானது. கட்டுமான அனுமதிக்கு முன் தொல்லியல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்குவதும், அழியும் களங்களுக்கு விரைந்து அனுமதி தருவதும் அரசு செய்ய வேண்டிய திருத்தங்கள். ஆனால் இதைக் காரணம் காட்டி அனுமதியில்லாமல் நாமும் தோண்டினால் களம் பிழைக்காது; அழிக்கும் கைகளில் ஒன்று கூடும், அவ்வளவுதான். உரிமம் இல்லாமல் எடுத்த சான்றை எந்த ஆய்விதழும் ஏற்காது. மண்ணைத் தொடாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. அளந்து, படமெடுத்து, புல எண்ணுடன் அறிக்கை எழுதி மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். அந்த அறிக்கைதான் மீட்பு அகழாய்வுக்கான முதல் ஆவணம்.

இரண்டாம் மறுப்பு ஊர்க்காரர்களுடையது. தோண்டவிட்டால் நிலம் போய்விடும், வீடு கட்ட முடியாது என்பார்கள். பல்லாவரத்தில் பாதுகாக்கப்பட்ட பெருங்கற்காலக் களத்தைச் சுற்றிக் குடியிருப்போர் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டவர்களின் அச்சம் இது, அலட்சியப்படுத்தக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்பது சட்டம். ஆனால் அகழாய்வு உரிமம் வேறு, பாதுகாப்பு அறிவிப்பு வேறு. உரிமம் தந்ததாலேயே ஓர் இடம் பாதுகாக்கப்பட்டதாகிவிடாது. மத்திய அரசு அப்படி அறிவிக்க விரும்பினால் முதலில் எண்ணத்தை வெளியிட்டு, இரண்டு மாதம் ஆட்சேபனைக்கு இடம் தர வேண்டும். இதை மறைக்காமல் கிராமசபையில் சொல்லுங்கள். பின்னாளில் அறிவிப்பு வரவே வராது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

மூன்றாவது, அரசியல் மறுப்பு. தமிழ்நாட்டு மண்ணைத் தோண்ட டெல்லியின் தயவு எதற்கு என்பது. கீழடி இந்தக் கேள்விக்குச் சூடேற்றியது. 2014 முதல் 2017 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் மாற்றப்பட்டார். நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறை தொடர்ந்தது. அமர்நாத் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தச் சொல்லி 2025இல் இந்தியத் தொல்லியல் துறை திருப்பியது. தம் காலக்கணிப்பு மண்ணடுக்கையும் அறிவியல் சோதனையையும் அடிப்படையாகக் கொண்டது என்று அவர் நின்றார். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் அதே துறை நடத்திய அகழாய்வின் அறிக்கைக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போயிற்று. அகழ்பவருக்கு விதிக்கும் கெடுவை உரிமம் தரும் அலுவலகமும் தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் இந்த வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. சர்ச்சை வந்தபோது கீழடியைத் தாங்கி நின்றது முழக்கம் அல்ல. அடுக்கு, ஆழம், மாதிரி எண் என்று எழுதி வைத்த பதிவுகள். எந்த ஆட்சி இருந்தாலும் அகழ்பவரின் காப்பு அதுவே.

இதெல்லாம் அரசுத் துறைகளுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும்தான் சாத்தியம் என்பது கடைசி மறுப்பு. தனி ஆர்வலர் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெறுவது நடக்காத காரியம் என்பது சரி. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தைப் பாருங்கள். சாந்தி பப்புவும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்தவர்களும் 1999 முதல் அங்கே உரிமத்துடன் அகழ்ந்தார்கள். அது அரசு நிறுவனம் அல்ல. முடிவுகள் 2011இல் 'சயின்ஸ்' இதழிலும் 2018இல் 'நேச்சர்' இதழிலும் வந்தன. ஒரே களத்தில், ஒரே தெளிவான கேள்வியைப் பல ஆண்டு பின்தொடர்ந்த வேலை அது. ஆர்வலர்கள் தாங்கள் கண்டதைத் துறைக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கொடுத்து அந்தக் குழுவில் சேர்வதே நடைமுறை வழி.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறிக்கையின் பொருளடக்கத்தைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தரவு எந்தக் குழியிலிருந்து வரும், யார் எழுதுவார், எந்த மாதத்தில் முடிப்பார் என்று எதிரில் நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே உங்கள் திட்டம் இன்னும் தயாராகவில்லை. அவற்றை நிரப்பிய பிறகு விண்ணப்பியுங்கள்; நிரப்ப முடியவில்லையென்றால் இந்தப் பருவம் அந்த மண்ணைத் தொடாதீர்கள்.